பையன்கள் கூடினால் குடோன் வேகமாகுமா? கம்ப்யூட்டர் பில்லும் 'மல்டி த்ரெடிங்'கும்



மாதம் பிறந்து முதல் வாரம், மெப்ஸில் ஷிப்ட் விட்டு ஜனங்கள் வீடு திரும்பும் நேரம், நம் சிட்லபாக்கம் கடைகளில் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பில் போடும் கம்ப்யூட்டர் திகைத்து நிற்கும். எடுத்த சாமானை அப்படியே வைத்துவிட்டு வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். இந்த நிலையில் ஒரு சாப்ட்வேர் விற்பனையாளர் வந்து, "எங்கள் புதிய பதிப்பில் மல்டி த்ரெடிங் இருக்கிறது, டேட்டாபேஸ் பல மடங்கு வேகமாகும், கொஞ்சம் கூடுதல் செலவுதான்" என்று சொன்னால், பணம் கொடுக்கும் முன் கீழே உள்ள விவரங்களை மனதில் கொள்ள வேண்டுகிறோம்.

த்ரெட் என்பது ஒரு புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை. பல இழைகள் ஒரே சமயத்தில் ஓடினால் அது மல்டி த்ரெடிங். கடையில் ஒரு பையனுக்குப் பதில் நான்கு பையன்களை நிறுத்துவது போல. ஆனால் டேட்டாபேஸ் என்பது கடைப் பையன் அல்ல. அது குடோனும் பேரேடும் சேர்ந்தது. தனியே இயங்கும் வேறொரு புரோகிராம். முன்கடையில் நான்கு பேர் ஓடினாலும், குடோனில் சரக்கு எடுத்துக் கொடுப்பவர் ஒருவரே என்றால் வரிசை குடோன் வாசலில்தான் நீளும்.

இணையத்தில் இயங்கும் பில்லிங் புரோகிராம்கள் பலவும் பி.எச்.பி., பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் எழுதப்படுகின்றன. 1995-ல் வெளிவந்த பி.எச்.பி.யில் வழக்கமாக ஒரு பக்கத்தைக் கேட்பவருக்கு ஓர் ஆள் என்று சர்வரே தனித்தனியாக ஒதுக்கிவிடும். எனவே த்ரெட் இல்லாமலேயே பலருக்கு ஒரே நேரத்தில் வேலை நடக்கிறது. பைத்தானின் வழக்கமான வடிவில் ஒரு பூட்டு உண்டு. ஒரு நேரத்தில் ஒரு இழைதான் கணக்குப் போடலாம். ஆனால் டேட்டாபேஸின் பதிலுக்குக் காத்திருக்கும்போது அந்தப் பூட்டை அடுத்த இழைக்கு விட்டுக்கொடுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் இயங்கும் நோட், கேள்வியை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடும்.

அப்படியானால் த்ரெட்டால் லாபமே இல்லையா? உண்டு. சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி, இன்றைய விலை என்று மூன்று தனிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வினாடி என்றால், வரிசையாகக் கேட்க மூன்று வினாடி. சேர்த்துக் கேட்டால் ஏறத்தாழ ஒரு வினாடி. காத்திருக்கும் நேரம்தான் மிச்சம், டேட்டாபேஸ் வேகமாகவில்லை. அது ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தால், மூன்றும் ஒன்றாகப் போய் இன்னும் திணற வைக்கும். வாசலுக்கும் ஓர் அளவு உண்டு. நாமாக மாற்றாதவரை மைஎஸ்கியூஎல் 151 இணைப்புகளையும், போஸ்ட்கிரெஸ் 100 இணைப்புகளையும்தான் ஏற்கும். அதற்கு மேல் வருபவை திருப்பி அனுப்பப்படும்.

இன்னொன்று, கடைசி மூட்டை விவகாரம். இருப்பில் ஒரே ஒரு பொன்னி மூட்டை. இரண்டு கவுன்டரிலும் ஒரே நொடியில் பில் போடுகிறார்கள். இருவருமே இருப்பு ஒன்று என்று பார்த்து விற்றுவிட்டால் யாருக்கு நாம் பதில் சொல்வது? அதற்காகத்தான் நல்ல புரோகிராம் அந்த ஒரு வரியை டேட்டாபேஸில் பூட்டி, முதல் பில் முடியும்வரை அடுத்தவரை நிறுத்தி வைக்கும். கணக்கு சரியாக இருக்க வேண்டிய அந்தக் காத்திருப்பை எத்தனை இழை சேர்த்தாலும் குறைக்க முடியாது.

நமக்கே தெரிந்த உதாரணம் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல். 2017-ல் வரி வந்தபின், ஜி.எஸ்.டி.ஆர்.-3பி படிவத்துக்கு எல்லோருக்கும் மாதம் 20-ந் தேதியே கடைசி நாள் என்றிருந்தது. கடைசி நாட்களில் எல்லோரும் ஒன்றாக நுழைந்து இணையதளம் திணறியது. 2020 ஜனவரியில் நிதி அமைச்சகம் 20, 22, 24 என்று தேதிகளைப் பிரித்தது. ஐந்து கோடிக்குக் கீழ் விற்றுமுதல் உள்ள தமிழ்நாட்டு வணிகருக்கு 22 என்றானது. ரயில்வேயும் 2015 ஜூன் 15 முதல் தட்கலில் ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி என்று பிரித்தது. கூட்டத்தைப் பிரிப்பதும் ஒரு வைத்தியம்தான்.

ஆகவே விற்பனையாளரிடம் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். சரக்குப் பெயருக்கும் பில் எண்ணுக்கும் இன்டெக்ஸ் போட்டிருக்கிறதா? அது இல்லாவிட்டால் ஒரு பெயரைத் தேட பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதுதான். நாற்பது சாமானுக்கு விலையை நாற்பது முறை கேட்கிறதா, ஒரே முறையில் வாங்குகிறதா? ஒவ்வொரு பில்லுக்கும் புதிய இணைப்பு திறக்கிறதா, திறந்த இணைப்பையே திரும்பப் பயன்படுத்துகிறதா? மாதாந்திர அறிக்கையைக் கடை அடைத்தபின் எடுக்க வழி உண்டா?

இவற்றுக்குச் சரியான பதில் வந்த பிறகு த்ரெட் பற்றிப் பேசலாம். அப்போதும், உங்கள் கடைக் கணக்கை ஏற்றி, கூட்டமுள்ள ஒரு மாலையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்காமல் நாம் மூட்டை இறக்குவதில்லை. சாப்ட்வேருக்கும் அதே விதிதான்.