கணக்கறிந்தவருக்கு ஒரு கலைப் பரிசு

கணிதத்திலோ பௌதிகத்திலோ மனத்தைப் பறிகொடுத்த ஒருவர் குடும்பத்தில் இருந்துவிட்டால், அவருடைய பிறந்தநாளுக்கோ பட்டம் பெற்ற நாளுக்கோ கலைச்சுவை பொருந்திய பரிசு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மற்றவர்களுக்கு வந்து சேருகிறது. அப்பொழுது கடைவீதியில் அகப்படுபவை பெரும்பாலும் ஐன்ஸ்டைனின் சமன்பாடு அச்சிட்ட காபிக் கோப்பையும், 'பை' எண்ணின் தசமஸ்தானங்கள் வரிசையாக ஓடும் பனியனுமே. அன்போடு வாங்கிக் கொடுக்கும் எதையும் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் அவற்றில் கணிதம் மேலே ஒட்டிய அலங்காரமாக நிற்கிறதேயன்றிப் பொருளின் உருவாக்கத்தில் அதற்கு யாதொரு பங்கும் இல்லை. சமன்பாட்டை அழித்துவிட்டாலும் கோப்பை கோப்பையாகவே இருக்கும். கணக்கை எடுத்துவிட்டால் எந்தப் பொருள் உருவாகவே முடியாதோ, அத்தகைய அழகிய பொருளைத் தேடிக் கொடுப்பதே கணிதப் பிரியருக்குச் செய்யும் உண்மையான மரியாதை என்பது என் துணிபு. தேடுவதற்குப் பட்டு நெசவுக்குப் பெயர்போன காஞ்சிபுரத்தைப் போன்ற இடமும் நம் நாட்டில் அரிது.

இவ்வகைப் பரிசுக்கு ஐரோப்பாவில் ஒரு சிறந்த முன்மாதிரி உண்டு. துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் சித்திர வேலை செய்யும் யந்திரத்தை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய ஜோசப் மரி ஜக்கார்டு 1834-இல் காலமான பின், அவருடைய உருவத்தையே லியோன் நகரத்து நெசவாளர்கள் 1839-இல் பட்டில் நெய்தார்கள். அந்த ஒரு படத்துக்குத் தேவைப்பட்ட அட்டைகள் சுமார் 24,000. அதன் பிரதி ஒன்றைக் கணக்கிடும் யந்திரங்களின் தந்தை எனப் போற்றப்படும் சார்லஸ் பாபேஜ் பெற்று, லண்டனில் தம் இல்லத்துக்கு வருவோர்க்குப் பெருமிதத்தோடு காட்டி வந்தார். பார்த்தவர்கள் அதைத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட சித்திரமென்று மயங்கினார்களாம். தாம் கனவு கண்ட பகுப்பு யந்திரத்துக்கு வேண்டிய கட்டளைகளைத் துளையிட்ட அட்டைகள் வழியாகவே கொடுக்கலாம் என்ற யோசனையை அவர் தறியிலிருந்தே எடுத்துக்கொண்டவராதலால், அந்தப் பட்டுப் படத்தைவிடப் பொருத்தமான கலைப்பொருள் அவருடைய அறையில் வேறொன்று இருந்திருக்க முடியாது.

அதே அட்டைகளைப் பார்ப்பதற்கு நாம் லியோனுக்குப் போகவேண்டியதில்லை. காஞ்சியில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நுழைந்து, தறிச்சத்தம் கேட்கும் வீடொன்றில் அனுமதி பெற்று அண்ணாந்து பார்த்தால், தறியின் மேல் ஜக்கார்டு பெட்டியும், அதன்மீது நூலால் கோத்த அட்டைகள் மாலையாகத் தொங்கிச் சுழல்வதும் தெரியும். பூவேலைக்கான ஒவ்வோர் ஊடைக்கும், அதாவது குறுக்கிழைக்கும், ஓர் அட்டை உண்டு. அட்டையில் துளையுள்ள இடத்தில் அதற்குரிய கொக்கி மேலெழுந்து நெடுக்கே ஓடும் தன் பாவு இழைகளைத் தூக்குகிறது, துளையற்ற இடத்தில் இழை கீழேயே கிடக்கிறது, இடைவெளியில் சரிகை நாடா பாய்கிறது. துளைக்கு ஒன்று, துளையின்மைக்குச் சுழி என்று வைத்துக்கொண்டால், மயிலும் அன்னமும் யாளியும் இரண்டே இலக்கங்களில் எழுதப்பட்ட நீண்ட எண்களாகிவிடுகின்றன. ஜக்கார்டு வருவதற்கு முன்பே காஞ்சி நெசவாளர் கையாண்ட 'அடை' என்னும் முறையில், உருவத்தின் ஞாபகம் முழுவதும் கட்டிய கயிறுகளில் தங்கியிருந்தது. அவற்றை முறை பிறழாமல் இழுத்துக் கொடுக்கத் தறியருகே ஒரு துணையாளும் இருந்தார். ஆகையால் உருவத்தை எண்ணாக்கிச் சேமித்துவைக்கும் வித்தை இவ்வூருக்குப் புதிதன்று.

கணினி கற்கும் பெண்ணுக்கோ பையனுக்கோ நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்: 'புட்டா' எனப்படும் தனிப்பூ ஒன்றே ஒன்று தெளிவாகத் தெரியும் சிறு பட்டுத்துண்டும், அதை நெய்து தேய்ந்து ஒதுக்கப்பட்ட அட்டைகளில் சிலவும், இயன்றால் அந்தப் பூவைக் கட்டத்தாளில் வரைந்த வரைபடமும் ஒருசேரக் கண்ணாடிச் சட்டத்தில் அமைந்த பரிசு. வரைபடத்தின் ஒரு வரியை எடுத்து, அதற்குரிய அட்டையைக் கண்டுபிடித்து, அந்த அட்டை துணியில் எந்த இழையாக விளைந்திருக்கிறது என்று பெறுபவர் தாமே ஆராய்ந்து தேறலாம்.

சற்றுப் பொருள்வசதி உள்ளவர்கள் நெய்யச் சொல்லியே கொடுக்கலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று கொண்டால், குறிப்பிட்ட மாத்திரையளவை எத்தனை விதமாக நிரப்பலாம் என்ற கேள்விக்கு 1, 2, 3, 5, 8, 13 என்று விடை வளர்வதை, வடமொழி யாப்பிலக்கணத்தை ஆராய்ந்த சமணப் பேரறிஞர் ஹேமசந்திரர் 12-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கினார். இந்த வரிசை இன்று யாருடைய பெயரால் வழங்குகிறதோ, அந்த இத்தாலியரான ஃபிபோனச்சி தம் நூலை எழுதியது அதற்குப் பின், 1202-இல்தான். ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்திய இரண்டின் கூட்டுத்தொகையாக வரும் இந்த வரிசையையே அகலமாகக் கொண்டு கோடுகள் ஓடும் பட்டு அங்கவஸ்திரம் ஒன்று கணித ஆசிரியர் ஒருவரின் தோளில் எவ்வளவு பொருந்தும்! ஆனால் நெடுக்குக் கோடுகள் பாவு ஓட்டும்பொழுதே தீர்மானிக்கப்பட வேண்டியவை. ஒரு பாவில் பல சேலைகள் நெய்யப்படுவதால், ஒற்றைத் துணிக்காக அதை மாற்றச் சொல்வது நெசவாளருக்கு நஷ்டம். குறுக்குக் கோடுகளாகக் கேட்டால், நாடாவின் நிறத்தை மாற்றி, ஊடையை எண்ணி, அவர் தறியிலேயே செய்துவிடலாம்.

கரையும் உடலும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலையும் இத்தகைய எண்ணலின் விளைவே. இரு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்கள் ஓட, ஒவ்வோர் ஊடையிலும் கரையிழையும் உடலிழையும் ஒன்றையொன்று கொக்கியிட்டுத் திரும்புகின்றன. கோர்க்கும் இடத்தைச் சில இழைகள் தள்ளித் தள்ளி மாற்றுவதனால் கோபுரக் கரையின் கூர்முனைகள் எழுகின்றன.

பௌதிகம் பயில்பவருக்கு இன்னும் எளிய பொருள் போதும். பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமுமாக நெய்த மயில்கழுத்துப் பட்டில் ஒரு ரவிக்கைத் துண்டு வாங்கி, சாளரத்தருகே பிடித்து மெல்லச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கும் கோணத்துக்கேற்ப ஒரு நிறம் ஒதுங்கி மற்றொன்று மேலெழும். பட்டிழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணமாக இருப்பதும் அதன் பளபளப்புக்கு ஒரு காரணம். 1930-இல் நோபல் பரிசு பெற்ற ஸர் சி. வி. ராமன், பெங்களூரில் தாம் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் ரத்தினங்களையும் கிளிஞ்சல்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் சேகரித்து வைத்தது, நிறத்தின் அழகும் அதன் காரணமும் அவருக்கு ஒரே விசாரணையாக இருந்தமையால்தான்.

பணம் அதிகம் செலவிட இயலாதவர்கள் மனம் தளர வேண்டாம். காஞ்சியின் வாசல்களில் விடியலில் மலரும் சிக்குக் கோலம் அவர்களுக்கு இருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களில் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்து எழுதிய கட்டுரைகள், கணினி விஞ்ஞானத்தில் நம் பெண்களின் கைவேலைக்கு நிலையான இடத்தைப் பெற்றுத் தந்தன. நேர்ப்புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, கம்பி ஓரங்களில் மட்டும் வளைந்து, இடையெல்லாம் சாய்வாக நேரே செல்லுமாறு இழுத்தால், எத்தனை தனித்தனி இழைகள் கிடைக்கும் தெரியுமா? இரு பக்கப் புள்ளி எண்ணிக்கைகளின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை. ஐந்துக்கு நான்கு வைத்தால் கை எடுக்காமல் ஒரே இழையில் முடியும்; ஆறுக்கு நான்கு வைத்தால் இரண்டு இழைகள் பின்னும். இந்த அற்புதத்தைச் சொல்லிவிடாமல், புள்ளியிட்ட தாள்களைத் தைத்த ஒரு நோட்டின் முதல் சில பக்கங்களில் பாட்டியையோ அத்தையையோ கோலங்கள் வரைந்து தரச் சொல்லி, மற்றப் பக்கங்களை வெறுமையாக விட்டுக் கொடுத்தால், விதியைக் கண்டுபிடிக்கும் ஆனந்தமும் பரிசில் அடங்கிவிடும்.

காமாட்சியம்மன் சந்நிதியில் பூஜிக்கப்படும் ஸ்ரீசக்கரத்தில், ஒன்பது பெரிய முக்கோணங்கள் ஊடுருவி 43 சிறு முக்கோணங்களை உண்டாக்கும் அமைப்பு க்ஷேத்திரகணித வல்லுநர்களையும் திகைக்கவைப்பது. ஆயினும் அது வழிபாட்டுக்குரியது. பெறுபவருக்கு அந்த நியமத்தில் பற்று உண்டென்று தெரிந்தாலன்றி, மேஜையலங்காரமாக அதை வாங்கிக் கொடுப்பதை நான் விரும்பேன்.

கணித மேதை ராமானுஜன் 1890-களின் ஆரம்பத்தில், தாய்வழிப் பாட்டனார் காஞ்சியில் உத்தியோகம் பார்த்த காலத்தில், சிறுபிள்ளையாக இவ்வூரில் சிறிது காலம் இருந்தார். அவருடைய தந்தையார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடைக் குமாஸ்தா. பட்டும் கணக்கும் ஒரே வீட்டுக்குள் புழங்குவது நம்மவர்க்கு இயல்பாகவே இருந்திருக்கிறது. ஆகவே எந்தத் துணியை வாங்கினாலும், அதை நெய்தவரிடமே பாவில் எத்தனை இழை, பூவுக்கு எத்தனை அட்டை, நெய்ய எத்தனை நாள் என்று கேட்டு, அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிப் பரிசுடன் சேர்த்துக் கொடுங்கள். தனியாக அட்டை அடித்து நெய்யும் சிறு வேலைக்கு அவருக்கு நேரமும் கூலியும் அதிகமாகும். அதில் பேரம் பேசாதீர்கள்.