'ஃப்ளாப்'புக்குத் தங்கம்!

படம் ஓடலையா? 'ஃப்ளாப்'! இன்டர்வியூ சொதப்பலா? அதுவும் 'ஃப்ளாப்'!

இந்த வார்த்தை எங்கிருந்து வந்ததாம்? நம்ம 'தொப்' மாதிரிதான். கனமாக விழுகிற சத்தமே இங்கிலீஷில் 'ஃப்ளாப்' ஆனது. தோல்வி என்ற அர்த்தமெல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கால கம்ப்யூட்டர் 'ஃப்ளாப்பி'கூட இதே குடும்பம்தான்.

1968, மெக்ஸிகோ ஒலிம்பிக்ஸ். உயரம் தாண்டுதலில் மற்றவர்கள் கம்பிக்கு முகத்தைக் காட்டித் தாண்ட, அமெரிக்காவின் டிக் ஃபாஸ்பரி மட்டும் முதுகைக் காட்டித் தாண்டினார். மெத்தையில் 'தொப்'! உயரம் 2.24 மீட்டர். தங்கம்! அந்தப் பாணிக்குப் பெயரே 'ஃபாஸ்பரி ஃப்ளாப்'. இன்றைக்கு உலக வீரர்கள் அப்படித்தான் தாண்டுகிறார்கள்.

ஆகவே, ஆபீஸில் யாராவது 'நீ ஃப்ளாப்' என்றால் கவலைப்படாதீங்க சார். விழுந்தது முக்கியமில்லை, கம்பிக்கு அந்தப் பக்கம் விழுந்தீங்களான்னு மட்டும் பாருங்க!