அடிமண்ணைத் தொட்டால்தான் எழ முடியுமா?

நம் சமுதாய மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் ஆறுதல் மொழி ஒன்றுண்டு. ‘இன்னும் கொஞ்சம் கீழே போக வேண்டியிருக்கிறது, அதற்குப் பிறகுதான் விடிவு’ என்பதே அது. மீலாது விழாவிலும் கேட்கிறோம். மத்ரஸாக்களின் பட்டமளிப்பு விழாவிலும் கேட்கிறோம். கிணற்றில் குதிப்பவன் அடிமண்ணில் காலூன்றி உந்தினால்தான் மேலே வர முடியும் என்ற உவமையும் கூடவே வரும். நெல்லைச் சீமையில் ஆற்றிலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவர்களுக்கு இந்த உவமை உடனே பிடித்துப்போகிறது. அதே கிணற்றின் சேற்றில் கால் புதைந்து மீளாமற்போனவர்களும் உண்டென்பதை உவமை சொல்பவர் சொல்வதில்லை.

இந்தக் கருத்தை நாம் ஆராயாமல் விட்டுவிடலாகாது. ஏனெனில் இது செயலைத் தள்ளிப்போட வைக்கும் கருத்து. வீழ்ச்சி முற்றினால் எழுச்சி தானாக வரும் என்று நம்புகிறவர், வீழ்ச்சியைத் தடுப்பதற்கு ஏன் முயல வேண்டும்?

முதலில் மூலங்களைப் பார்ப்போம். ஒரு சமூகத்தார் தம்மிடமுள்ளதை மாற்றிக்கொள்ளாத வரை அல்லாஹ் அவர்களின் நிலையை மாற்றுவதில்லை என்னும் கருத்தமைந்த அர்ரஅது அத்தியாயத்தின் 11ஆம் வசனம், இக்காலத்தில் பெரும்பாலும் எழுச்சிக்கான வாக்குறுதியாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் ஹிஜ்ரி 310இல் மறைந்த இமாம் தபரீ (ரஹ்) முதலான முற்கால விரிவுரையாளர்கள் அதனை வேறு திசையிலிருந்து விளக்கினார்கள். மக்கள் தாமே தம் நடத்தையைக் கெடுத்துக்கொள்ளும் வரை அவர்களுக்கு அருளப்பட்ட நலம் பறிக்கப்படுவதில்லை என்பது அவர்கள் கொண்ட பொருள். அல்அன்ஃபால் அத்தியாயத்தின் 53ஆம் வசனத்தில் ‘நிஃமத்’ என்ற சொல்லே வெளிப்படையாக வந்து இவ்விளக்கத்திற்குத் துணை நிற்கிறது. ஆகவே அந்த வசனம் முதலில் ஓர் எச்சரிக்கை. கையிலிருப்பதைக் காத்துக்கொள்ளச் சொல்கிற எச்சரிக்கை.

துன்பத்தையும் எளிமையையும் இணைத்துப் பேசும் 94ஆம் அத்தியாயத்திலும் ஓர் இலக்கண நுட்பம் இருக்கிறது. அங்கு வரும் இடைச்சொல் ‘மஅ’. உடன் என்பது அதன் பொருள். பின் என்று பொருள்படும் ‘பஅத’ அங்கே வரவில்லை. அது அத்தலாக் அத்தியாயத்தின் 7ஆம் வசனத்தில் வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும் இரண்டிடங்களிலும், துன்பம் அதன் இறுதி எல்லையைத் தொட்டாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஒவ்வொரு நூறாண்டின் தலைப்பிலும் மார்க்கத்தைப் புதுப்பிப்போர் அனுப்பப்படுவதாக அபூதாவூதில் பதிவாகியுள்ள நபிமொழியிலும் காலம் குறிக்கப்படுகிறதேயன்றி வீழ்ச்சியின் ஆழம் குறிக்கப்படவில்லை.

வரலாற்றுத் தத்துவத்திற்கு வந்தால், பலரும் இப்னு கல்தூனைத் (1332–1406) துணைக்கு அழைப்பர். எழுச்சி, வீழ்ச்சி, மீண்டும் எழுச்சி என்று சுழலும் சக்கரம் ஒன்றை அவர் வரைந்ததாக ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. அவருடைய முகத்திமாவைப் படித்தவர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். ஓர் அரசுக்கு மூப்பு வந்துவிட்டால் அது நீங்குவதில்லை என்றே அவர் கூறுகிறார். அணையப்போகும் திரி ஒரு கணம் சுடர்விடுவது போன்ற பொய்ப் பொலிவு இடையில் தோன்றலாம், அவ்வளவே. சக்கரம் சுழல்வது உண்மைதான். ஆனால் அடுத்த சுற்றில் மேலே வருபவர் வீழ்ந்தவர் அல்லர், வெளியிலிருந்து புதிய அஸபிய்யாவுடன் வருகின்ற வேறொருவர். தோற்றுப் பிறர் ஆட்சியின்கீழ் முற்றாக ஒடுங்கிய சமூகம் விரைவில் அழிகிறது என்று அவர் தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணம் கூர்மையானது: நம்பிக்கை போனால் உழைப்பும் பெருக்கமும் போகும். அடிமட்டம் என்பது மனிதனின் ஆற்றலைக் கூட்டும் இடமன்று, அதை உறிஞ்சும் இடம் என்பதே அவர் கருத்தின் சாரம். 1258இல் பாக்தாது வீழ்ந்தது. 1260இல் ஐன் ஜாலூத்தில் மங்கோலியரைத் தடுத்தவர்கள் எகிப்தின் மம்லூக்குகள். அவர்களுடைய தலைநகரான கெய்ரோ வீழ்ந்திராத நகரம். பாக்தாது தன் பழைய இடத்தை மீண்டும் பெறவே இல்லை.

இவ்வளவு தொலைவு போவானேன்? இதே பாடத்தைப் பொருநையாறு தன் முகத்துவாரத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

தாமிரபரணி கடலில் கலக்கும் சில மைல் பரப்புக்குள் கொற்கை, பழையகாயல், காயல்பட்டினம் ஆகிய ஊர்கள் இருக்கின்றன. கொற்கை பாண்டியரின் முத்துத் துறை. கிரேக்க மாலுமிகளின் குறிப்புகளில் கொல்கை என்ற பெயரோடு இடம்பெற்றது. 1968–69இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு நடத்தியது. இன்று கொற்கைக்குப் போகிறவர் காண்பது வயல்களும் வாழைத் தோட்டங்களும் சூழ்ந்த ஒரு சிற்றூர். கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆறு ஆண்டுதோறும் கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்து, கரையைக் கிழக்கே நகர்த்திற்று. யாரும் படையெடுக்கவில்லை, யாரும் கொளுத்தவில்லை. கொற்கை அடிமட்டம் தொட்டது; பிறகு எழவில்லை.

அடுத்து எழுந்தது காயல். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இத்துறையைப் பற்றி எழுதினார். ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளோடு வந்த கப்பல்கள் இங்கே தங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்குப்படி, ஓராண்டில் மஅபர் கரைக்கும் பிற துறைகளுக்கும் வந்த குதிரைகள் 10,000. ஒன்றின் விலை 220 பொன் தினார். கீஷ் தீவின் பெருவணிகர் ஜமாலுத்தீன் குதிரைகளை அனுப்ப, அவருடைய சகோதரர் தகிய்யுத்தீன் பாண்டியர் அவையில் அமைச்சராக இருந்து காயல் உள்ளிட்ட துறைகளை மேற்பார்த்தார். (மார்க்கோ போலோ கண்ட காயல் பழையகாயலே என்று பிஷப் கால்டுவெல் தீர்மானித்தார். காயல்பட்டினத்தார் அதை இன்றும் ஏற்பதில்லை. இரண்டும் ஒரே வணிக வட்டத்தின் துறைகளாதலால் நம் வாதத்திற்கு அந்த வழக்குத் தடையாகாது.) பழையகாயலையும் வண்டல் மூடியது. அதுவும் இன்று உப்பளங்களுக்கிடையே ஒரு சிற்றூர்தான்.

துறைமுகம் தூர்வது ஒரே இரவில் நடப்பதன்று. முதலில் பெரிய மரக்கலங்கள் வெளியே நங்கூரமிடும். பிறகு தோணிகளில் சரக்கிறக்கும் செலவு கூடும். பிறகு ஒவ்வொரு குடும்பமாக அடுத்த துறைக்குப் போகும். நிலைமை முற்றட்டும் என்று காத்திருப்பவனுக்கு மிஞ்சுவது தூர்ந்த துறை. நடுவிலேயே புறப்படுகிறவன் தன் கப்பற்பங்கு, கடன் நாணயம், கடல்வழி அறிவு, சம்பந்தி உறவு அனைத்தையும் எடுத்துக்கொண்டு போகிறான். ஊர்கள் மடிந்தன, அவற்றின் வாழ்வு இடம்பெயர்ந்தது.

காயல்பட்டினத்தின் கதை இதனினும் நுட்பமானது, நமக்கு நெருக்கமானது. அதற்கு நேர்ந்தது வண்டல் மட்டுமன்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்து முத்துக்கரையைக் கைப்பற்றினர். 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பரதவ மக்கள் திரளாகக் கிறிஸ்தவம் தழுவிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை ஏற்றனர். 1538இல் வேதாளையில் நடந்த சண்டையில் மலபார் முஸ்லிம்களின் கப்பற்படை முறிந்தது. அத்தோடு முத்துக் குளிப்பில் முஸ்லிம்களுக்கிருந்த மேலாண்மை போயிற்று; தூத்துக்குடி எழுந்தது.

இந்த அத்தியாயத்தை நம்மவர் எழுதும்போது போர்த்துக்கீசியரின் கொடுமைகளை விரிவாக எழுதுகின்றனர், அவை உண்மையே. ஆனால் முத்துத் துறையின் ஆதாயத்தைக் கையில் வைத்திருந்த முஸ்லிம் பெருவணிகருக்கும், மூச்சடக்கி முத்தெடுத்த பரதவருக்கும் இடையே அதற்கு முன்பே மூண்டிருந்த கடும் பகையை ஒரு வரியில் கடந்து செல்கின்றனர். அந்தப் பகை இல்லையேல் அந்நியனுக்கு இக்கரையில் அத்தனை எளிதாக ஆதரவு கிடைத்திருக்குமா? தபரீ அவர்களின் விளக்கம் இங்கே மிகப் பொருந்துகிறது. நிஃமத் பறிபோகுமுன் மாறியது எது என்று தேடிப் பார்க்க வேண்டிய இடம் இது.

சரி, அதன் பின்? அடுத்த நூற்றாண்டிலேயே இக்கரை மீண்டும் ஒளி பெற்றது. காயல்பட்டினத்தில் 1632இல் பிறந்த சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் அரபுப் புலமையில் பெருமலையாக உயர்ந்தார்கள். கீழக்கரையில் வள்ளல் சீதக்காதி டச்சுக்காரர்களோடு சரிக்குச் சரியாக வணிகம் பேசினார். எட்டயபுர அரசவையோடு தொடர்புடைய உமறுப்புலவர், சதக்கத்துல்லாஹ் அப்பாவின் வழிகாட்டுதலோடு சீறாப்புராணம் பாடினார். வள்ளல் மறைந்த பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அந்த ஆதரவைத் தொடர்ந்தார். 5,000க்கும் மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட காப்பியம் ஒன்று உருவாக எத்தனை பேர் வேண்டியிருந்தனர் என்று எண்ணிப் பாருங்கள்! அரபு நூல்களைப் படித்துப் பொருள் சொல்லும் ஆலிம், கம்பனைக் கரைத்துக் குடித்த புலவர், ஏடெழுதுவோர், அன்னமிடும் வணிகர், அமர்ந்து கேட்கத் தெரிந்த சபை.

இவற்றில் எதுவும் படுகுழியில் முளைத்ததன்று. முத்துத் துறை போன பிறகும் ஈழத்துக்கும் மலபாருக்கும் கப்பலோட்டும் தொழில் கையில் இருந்தது. கீழக்கரை, பரங்கிப்பேட்டை, நாகூர், ஈழத்துக் கரையூர்கள் என்று உறவுப் பின்னல் அறாமல் இருந்தது. பள்ளிவாசல்களின் வக்ஃபு நிலங்களும் தலைமுறை தலைமுறையாக ஓதிக்கொடுக்கும் குடும்பங்களும் இருந்தன. செல்வத்தில் பெரும்பகுதி போயிற்று, ஸனது அறுபடவில்லை. போர்த்துக்கீசியர் அந்த ஓதும் பள்ளிகளையும் வேரறுத்திருந்தால் பதினேழாம் நூற்றாண்டு நமக்கு இவ்வாறு அமைந்திருக்காது. மீண்டவர்கள் அடிமட்டம் தொட்டதால் மீளவில்லை, தொடாததால் மீண்டார்கள் என்பதே என் துணிபு.

1947இலும் இதையே காண்கிறோம். பிரிவினைக்குப் பின் இந்திய முஸ்லிம்களுக்கு அரசியலில் அதைவிடக் கீழான நிலை இருந்ததில்லை. அப்போது 1948 மார்ச் 10இல் சென்னையில் கூடி, எஞ்சியதைக் கொண்டு மீண்டும் அமைப்பைக் கட்ட முனைந்தவர் திருநெல்வேலிப் பேட்டையில் 1896இல் பிறந்த கண்ணியத்திற்குரிய காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப். அந்த முயற்சி தில்லியிலோ லக்னோவிலோ தொடங்காமல் சென்னையில் தொடங்கியது தற்செயலன்று. வடக்கே தலைவர்களும் படித்த வகுப்பாரும் பெருமளவில் எல்லை கடந்துவிட்டனர். தெற்கே தோல் வணிகரும், வாணியம்பாடியில் 1919 முதல் நடந்துவந்த கல்லூரியும், வேலூர் பாக்கியாத்தும் குலையாமல் இருந்தன. 1951இல் சென்னையில் புதுக்கல்லூரி, திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி, 1971இல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி என்று அடுத்தடுத்து எழுந்தவை அந்தக் குலையாத சேமிப்பின் மேல் எழுந்தவை.

வீழ்ச்சியினால் நன்மையே இல்லையா என்று ஒருவர் கேட்கலாம். உண்டு. வீண் பெருமிதம் கலைகிறது. பதவியைப் பற்றிக்கொண்டிருந்தோரின் பிடி தளர்கிறது. நேற்றுவரை கேட்க மறுத்த காது திறக்கிறது. அந்தத் திறந்த காதில் சொல்வதற்கு யாரிடமேனும் ஏதேனும் இருக்க வேண்டும்; சொன்னதைச் செய்யக் கருவி இருக்க வேண்டும். கடனுக்காகத் தறியை விற்றுவிட்ட நெசவாளிக்கு மறுமாதம் நூல் விலை இறங்கினாலும் பயனில்லை. ஒரு காலத்தில் தறியோசை ஓயாத மேலப்பாளையத்தில் பெண்கள் பீடி சுற்றும் கூலி பல வீடுகளின் ஆதாரமாகிப்போனதன் பின்னே, இப்படித் தறி இழந்த வரலாறு இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பொருநை கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அருகிலிருந்த புதுக்குடி ஊரார் கோயிலில் வைத்துச் சமைத்துப் போட்டனர். அவர்களும் வெள்ளத்தின் நடுவில் இருந்தவர்களே. ஆனால் அவர்கள் அடுப்பு நனையவில்லை. பானையில் அரிசி இருந்தது.

நம் பானையில் என்ன இருக்கிறது என்று ஓர் அரபுக் கல்லூரி ஆசிரியனாகப் பார்க்கிறேன். கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் அரபுத்தமிழ் நூல்கள் நம் பாட்டிமார் கையில் நாள்தோறும் புழங்கியவை. இன்று என் வகுப்பில் அரபு இலக்கணத்தில் தேர்ந்த மாணவர்களும் இருக்கிறார்கள், நல்ல தமிழ் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழ் ஒலிகளுக்காகக் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டு அமைத்த அரபுத்தமிழ் எழுத்துகளைக் கண்டதும் இரு சாராரும் நின்றுவிடுகிறார்கள். இரு மொழியும் தெரிந்தவனுக்கு அதைக் கற்பிக்க ஒரு மாதம் போதும். கற்பிக்க வல்லவர்கள் ஊருக்கு ஓரிருவரே எஞ்சியிருக்கின்றனர், அவர்களும் முதியவர்கள். ஏடுகளோ வீட்டுப் பரண்களில், கரையானுக்கும் அடுத்த வெள்ளத்துக்கும் இடையில் கிடக்கின்றன. வரும் ஷவ்வாலில் பாடத்திட்டம் வகுக்கும்போது வாரத்திற்கு இரண்டு பாடவேளையை இதற்கென ஒதுக்குவது எந்த மத்ரஸாவுக்கும் பெரிய செலவன்று.