பச்சிளங்குழந்தைக்கு ஏன் மறுபடியும் இரத்தப் பரிசோதனை?



"நேற்றுதானே இரத்தம் எடுத்தீர்கள்? இன்றும் எதற்கு இந்தப் பிஞ்சுக் காலில் குத்துகிறீர்கள்?" வார்டில் பாட்டிமார் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. மயிலாப்பூர், அடையாறு சபைகளிலிருந்து பார்க்க வரும் தாங்களும் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஒன்றரை கிலோ குழந்தையின் உடலில் இருப்பது மொத்தமே சுமார் 120 மில்லி இரத்தம், ஒரு காபி டம்ளர் அளவு.

இரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸ் நோய், சிசுக்களிடம் சத்தமில்லாமல் வருகிறது. குழந்தை பால் குடிக்காது, சோர்ந்து கிடக்கும், உடம்பு சில்லிடும். காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு 36 முதல் 48 மணி நேரம் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது; ஆகவே உடனே ஆன்டிபயாடிக் தொடங்குகிறோம். அதை எப்போது நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

இங்கேதான் உடலின் சொந்தக் காவல் நமக்குச் சாட்சி சொல்கிறது. கிருமி நுழைந்ததும் வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின்-6 என்னும் பொருளை வெளியிடுகின்றன. அது ஒரு நாளுக்குள் குறைந்துவிடும். ஆனால் அதன் தூண்டுதலால் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தை உண்டாக்குகிறது. 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறியப்பட்டது அது. ஏறுவதற்கு 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும் என்பதால், முதல் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது. 24 மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழேயே இருந்து, குழந்தையும் தேறி, கல்ச்சரிலும் கிருமி வளராவிட்டால், மருந்தைத் துணிந்து நிறுத்தலாம். புரோகால்சிடோனின் இன்னும் விரைவாக ஏறும். ஆனால் முதல் இரண்டு நாட்கள் ஆரோக்கியமான குழந்தைக்கும் ஏறுவதால், பிறந்த நேரத்தைச் சீட்டில் குறிக்காமல் அதைப் படித்துப் பயனில்லை.

நிறுத்துவதில் ஏன் இத்தனை அக்கறை? டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை அனுமதிக்கப்பட்ட 13,530 சிசுக்களைக் கவனித்தார்கள். 14.3 சதவீதத்தினருக்குச் செப்சிஸ். அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா கிருமிகளில் பெரும்பாலானவை பல மருந்துகளுக்கு மசியவில்லை. தேவையின்றிக் கொடுக்கும் ஒவ்வொரு நாள் மருந்தும் இப்படிப்பட்ட கிருமிகளுக்கே இடம் தருகிறது.

"எதிர்ப்புச் சக்தி ஊசி போடக்கூடாதா? நகையை அடகு வைத்தாவது வாங்கித் தருகிறோம்" என்று கெஞ்சும் பெற்றோரும் உண்டு. தாயின் ஐ.ஜி.ஜி. எதிர்ப்புப் பொருள் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் சிசுவுக்குச் செல்லும். குறைமாதக் குழந்தைக்கு அது போதாது. எனவே ஊசியால் ஈடுகட்டலாம் என்று பலரும் நம்பினார்கள். ஆனால் 9 நாடுகளில் 3,493 சிசுக்களிடம் நடந்த ஆய்வு, 2011-இல் வெளியானது, அந்த ஊசியால் மரணமோ ஊனமோ குறையவில்லை என்று காட்டியது. நகை வீட்டிலேயே இருக்கட்டும் என்கிறோம்.

பணம் தேவைப்படுவது வேறிடத்தில். ஞாயிறு இரவு இரண்டு மணிக்கு எடுத்த இரத்தத்தை வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், திங்கள் காலைதான் முடிவு வரும். அந்நேரத்திலும் நமது ஆய்வுக்கூடத்திலேயே ஒரு டெக்னீஷியன் இருக்கவேண்டும். தங்கள் காணிக்கை அவருடைய இரவுப்பணிச் சம்பளத்துக்குச் செல்கிறது.