காப்பி, சிங்க், பேக்கப்: மூணும் ஒண்ணு இல்ல

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோட் போன வாரம் வந்த ஒரு போன்ல ஆரம்பிக்குது.

பாலக்கோட்டுல எங்க பெரியப்பா பையன் ஒரு போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கார். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்புனு முகூர்த்த மாசத்துல தூங்கவே மாட்டார். அவர் கூப்பிட்டு, "டேய் தம்பி, நாலு டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒண்ணு வாங்கிட்டேன். பேக்கப் எடுக்க எந்த சாப்ட்வேர் போடட்டும்? ஒரே பேர் சொல்லு, போதும்"னு கேட்டார்.

என்னால ஒரே பேர் சொல்ல முடியல. "அண்ணா, நாளைக்குச் சொல்றேன்"னு வச்சிட்டேன். ஏன்னா இந்த விஷயத்துல நான் ஏற்கெனவே ஒரு தடவை பட்டிருக்கேன். முதல்ல அதைச் சொல்லிடறேன்.

பாட்டியோட பதினாலு பைல்

எங்க பாட்டி பென்னாகரம் பக்கம். நாலு வருஷத்துக்கு முன்னாடி பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, நிலக்கடலை உரிச்சுக்கிட்டே அவங்க பேசினதைப் போன்ல ரெக்கார்டு பண்ணேன். சின்ன வயசுல பாடின நடவுப் பாட்டு, ஒகேனக்கல்ல ஆடிப்பெருக்குக்குக் கட்டுச்சோறு கட்டிட்டுப் போன கதை, தாத்தாகிட்ட நாலு மாசம் பேசாம இருந்த கதை. மொத்தம் பதினாலு பைல். அடுத்த வருஷமே பாட்டி தவறிட்டாங்க.

அந்தப் பதினாலையும் லேப்டாப்ல ஒரு போல்டர்ல வச்சிருந்தேன். ஒரு சிங்க் சாப்ட்வேர் மூலமா எக்ஸ்டர்னல் டிரைவ்லயும் ஒரு பிரதி இருந்தது. பெங்களூருல வேலைக்குச் சேர்ந்த புதுசுல லேப்டாப் நிரம்பிடுச்சு. "டிரைவ்லதான் இருக்கே"னு லேப்டாப்ல இருந்த போல்டரை அழிச்சேன். குப்பைத் தொட்டியையும் காலி பண்ணேன்.

ரெண்டு வாரம் கழிச்சு டிரைவைச் சொருகி, வழக்கம் போல சிங்க் பட்டனை அழுத்தினேன். அந்த சாப்ட்வேரை நான் மிரர் முறையில வச்சிருந்தேன். மிரர்னா கண்ணாடி. லேப்டாப்ல என்ன இருக்கோ அதுதான் டிரைவ்லயும் இருக்கணும். லேப்டாப்ல பாட்டி போல்டர் இல்ல. அதனால டிரைவ்லயும் இருக்கக் கூடாதுனு அது முடிவு பண்ணுச்சு. அழிச்சுது. அந்த இடத்துல புதுசா என் ஆபீஸ் வீடியோக்களை எழுதுச்சு.

சாப்ட்வேர் மேல ஒரு தப்பும் இல்ல. நான் கேட்டதைத்தான் அது செஞ்சுது. எது கேக்கறோம்னு எனக்குத்தான் தெரியல.

நாலு வேற வேற வேலை

நாம எல்லாத்தையும் "பேக்கப்"னு சொல்றோம். உள்ள நாலு தனித்தனி வேலை இருக்கு.

முதல்ல காப்பி. இழுத்துப் போடறது. போட்ட அன்னைக்கு இருந்தது மட்டும்தான் அங்க இருக்கும். நாளைக்கு மறந்துட்டா அவ்ளோதான்.

ரெண்டாவது சிங்க். ரெண்டு இடத்தையும் ஒரே மாதிரி வச்சுக்கும். நல்லதும் போகும், கெட்டதும் போகும். இந்தப் பக்கம் அழிச்சா அந்தப் பக்கமும் அழியும். இந்தப் பக்கம் பைல் கெட்டுப் போனா, கெட்டுப் போன பைல் நல்ல பைல் மேல போய் உக்காரும்.

மூணாவதுதான் உண்மையான பேக்கப். இது பழைய நிலையையும் வச்சிருக்கும். "செவ்வாய்க்கிழமை இந்த பைல் எப்படி இருந்துச்சு?"னு கேட்டா எடுத்துக் கொடுக்கும். இதுக்கு வெர்ஷனிங்னு பேரு.

நாலாவது இமேஜ். விண்டோஸ், சாப்ட்வேர், செட்டிங் எல்லாம் சேத்து டிஸ்க்கையே படம் பிடிச்ச மாதிரி வைக்கறது. கம்ப்யூட்டர் மொத்தமா படுத்துட்டா, புது டிஸ்க்ல அப்படியே இறக்கிக்கலாம்.

இன்னொண்ணும் சொல்லணும். லேப்டாப்ல அழிச்ச நிமிஷமே டிரைவ்ல இருந்தது "பேக்கப்" இல்லாமப் போயிடுச்சு. அது ஒரே பிரதி ஆயிடுச்சு. ரெண்டு இடத்துல இருந்தாத்தான் பேக்கப். இடம் பத்தலைனு ஒண்ணை டிரைவுக்கு மாத்தினா, அதுக்கு இன்னொரு டிரைவ்லயும் பிரதி வேணும்.

சாப்ட்வேர்கிட்ட கேக்க வேண்டிய கேள்விகள்

அண்ணனுக்கு மறுநாள் போன் பண்ணி, பேர் சொல்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி சொன்னேன்.

ஒண்ணு: நான் தெரியாம அழிச்சா, அது என்ன பண்ணும்? கூடவே அழிக்குமா, தனியா எடுத்து வைக்குமா?

ரெண்டு: அதுவா ஓடுமா, நான் ஞாபகம் வச்சு ஓட்டணுமா? முகூர்த்த மாசத்துல யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மூணு: அந்த சாப்ட்வேர் இல்லாம என் பைலைத் திறக்க முடியுமா? நம்ம தருமபுரி மாவட்டம் நடுகல்லுக்குப் பேர் போனது. பல்லவர் காலத்துக் கல்லெல்லாம் இருக்கு. கல் அப்படியே நிக்குது. ஆனா வட்டெழுத்து தெரிஞ்ச ஆள் வந்தாத்தான் அதுல என்ன எழுதியிருக்குனு தெரியும். சில பேக்கப் சாப்ட்வேரும் அப்படித்தான். டூப்ளிகாட்டி, ரெஸ்டிக் மாதிரியானவை பைல்களைத் துண்டு துண்டாக்கி, பூட்டி, தங்களோட வடிவத்துல வைக்கும். இடம் மிச்சம், பாதுகாப்பும் உண்டு. ஆனா படிக்க அதே சாப்ட்வேரும் பாஸ்வேர்டும் வேணும். பாஸ்வேர்டை மறந்தா அது படிக்கவே முடியாத கல்.

நாலு: நாளைக்கு இது நின்னு போனா என்ன செய்வேன்? மேக்ரியம் ரிஃப்ளெக்ட்னு ஒரு இமேஜ் சாப்ட்வேர். அதோட இலவசப் பதிப்பை ரொம்பப் பேர் நம்பி இருந்தாங்க. 2024 தொடக்கத்தோட அந்த இலவசப் பதிப்புக்கான ஆதரவு முடிஞ்சுது. இலவசம்ங்கறது நிரந்தரம் இல்ல.

சரி, எதைப் போடறது?

மேக் வச்சிருக்கீங்களா? யோசிக்கவே வேணாம். டைம் மெஷின் உள்ளயே இருக்கு, 2007லேர்ந்து இருக்கு. கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒண்ணு, கடைசி ஒரு மாசத்துக்கு நாளுக்கு ஒண்ணு, அதுக்கு முன்னாடி வாரத்துக்கு ஒண்ணுனு வச்சிருக்கும். டிஸ்க் நிரம்பினா பழசுலேர்ந்து கழிக்கும். மேக்ல இருக்கற இடத்தைப் போல ரெண்டு மடங்கு டிரைவ் வாங்குங்க. ஒரு எச்சரிக்கை: முதல் தடவை செட் பண்ணும்போது டிரைவை அழிச்சு பார்மேட் பண்ணணும்னு கேக்கலாம். உள்ள ஏதாவது இருந்தா முன்னாடியே வெளிய எடுத்துடுங்க.

விண்டோஸா? ஃபைல் ஹிஸ்டரினு ஒண்ணு விண்டோஸ் 8லேர்ந்து இருக்கு. விண்டோஸ் 11ல அது கன்ட்ரோல் பேனல்ல ஒளிஞ்சிருக்கு, தேடி எடுக்கணும். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி போல்டர்களை மணிக்கு ஒரு தடவை பார்த்து, மாறினதை மட்டும் டிரைவ்ல தேதியோட எழுதும். சாதாரண பைலாவே இருக்கும், எந்த கம்ப்யூட்டர்லயும் திறக்கலாம். காலேஜ் ப்ராஜெக்ட், போட்டோ, மார்க் ஷீட் ஸ்கேன் வச்சிருக்கறவங்களுக்கு இதுவே போதும். விண்டோஸ் 11ல "விண்டோஸ் பேக்கப்"னு இன்னொரு ஆப் தெரியும். அது ஒன்டிரைவ்ங்கற மேகத்துக்குத்தான் அனுப்பும், உங்க எக்ஸ்டர்னல் டிரைவுக்கு இல்ல. இலவச இடம் 5 ஜிபிதான். பேரைப் பார்த்து ஏமாறாதீங்க.

லினக்ஸ்காரங்களுக்கு டேஜா டுப் இருக்கு. டைம்ஷிஃப்ட்டை பேக்கப்னு நினைக்காதீங்க. அது சிஸ்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டு போறதுக்கு. உங்க போட்டோவுக்கு இல்ல.

அண்ணன் கேஸ் வேற. அவர் கல்யாண போல்டர் எல்லாம் டி டிரைவ்ல, ஒவ்வொண்ணும் ஜிபி கணக்குல. ஃபைல் ஹிஸ்டரி அதைத் தானா பார்க்காது. லைப்ரரில சேத்தாத்தான் பார்க்கும். அவருக்கு ஃப்ரீஃபைல்சிங்க் மாதிரி ஒண்ணு சரி. அதுல மிரர் இருக்கு, அப்டேட் இருக்கு, வெர்ஷனிங்கும் இருக்கு. "அண்ணா, மிரர் போட்டாலும் அழியறதை வெர்ஷனிங் போல்டருக்குத் தள்ளுனு வைங்க. நிரந்தரமா அழிங்கற இடத்துல கையே வைக்காதீங்க"னு சொன்னேன். ஸ்டுடியோ மாதிரி தொழில் பண்ற இடத்துல போடறதுக்கு முன்னாடி உரிம விதியைப் படிச்சுக்கோங்க. வணிகப் பயன்பாட்டுக்குத் தனிப் பதிப்பு இருக்கு.

டிரைவையும் கொஞ்சம் கவனிங்க

ஃபேட்32ல பார்மேட் ஆன டிரைவ்ல 4 ஜிபிக்கு மேல ஒரு தனி பைல் போகாது. கல்யாண வீடியோ பாதில நிக்கறதுக்குப் பல தடவை இதுதான் காரணம். விண்டோஸ் மட்டும்னா என்டிஎஃப்எஸ். அதை மேக் படிக்கும், ஆனா தானா எழுதாது. ரெண்டுலயும் புழங்கணும்னா எக்ஸ்ஃபேட்.

ஊர்ல கரண்ட் எப்போ போகும்னு சொல்ல முடியாது. டெஸ்க்டாப்ல பேக்கப் ஓடும்போது யுபிஎஸ் இருக்கணும். முடிஞ்சதும் முறையா எஜெக்ட் பண்ணிக் கழட்டி வைங்க. கழட்டறது ரொம்ப முக்கியம். 2017 மே மாசம் வான்னாகிரைனு ஒண்ணு உலகம் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பூட்டிப் பணம் கேட்டுது, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி வைரஸ் சொருகியிருக்கற டிரைவையும் சேத்துப் பூட்டும். மேசை டிராயர்ல இருக்கற டிரைவை அதால தொட முடியாது.

ஒரே இடத்துல வைக்காதீங்க

பீட்டர் குரோனு ஒரு போட்டோகிராபர் பிரபலமாக்கின விதி 3-2-1. மொத்தம் 3 பிரதி, 2 வகையான சாதனம், அதுல 1 வேற இடத்துல.

வேற இடம் ஏன்? 1981 மே 31 இரவுக்கும் ஜூன் 1க்கும் நடுவுல யாழ்ப்பாண நூலகத்தை எரிச்சாங்க. சுமார் 97,000 புத்தகம், ஓலைச்சுவடி எல்லாம் போச்சு. அச்சான புத்தகத்துக்கு வேற எங்கயாவது இன்னொரு பிரதி இருக்கலாம். ஒரே ஒரு பிரதியா இருந்த சுவடிக்கு அது கிடையாது.

உல்டாவா ஒரு கதை. 1998ல பிக்சார்ல டாய் ஸ்டோரி 2 வேலை நடக்கும்போது யாரோ ஒரு கட்டளை கொடுத்து படத்தோட பைல்கள் அழிய ஆரம்பிச்சுது. பேக்கப்பைத் தேடினா, அது ஒழுங்கா வேலையே செய்யல. யாரும் சோதிச்சுப் பார்க்கல. கேலின் சூஸ்மன்ங்கற தொழில்நுட்ப இயக்குநர், குழந்தை பிறந்ததால வீட்டுலேர்ந்து வேலை பார்க்க ஒரு பிரதி வச்சிருந்தாங்க. அதுதான் காப்பாத்துச்சு. ரெண்டு பாடம்: வேற இடத்துல ஒண்ணு வைங்க, மாசத்துக்கு ஒரு தடவை பேக்கப்லேர்ந்து ஏதாவது ஒரு பைலை எடுத்துத் திறந்து பாருங்க. பச்சை டிக் வந்துச்சுங்கறது போதாது. பாட்டு பாடணும், படம் தெரியணும்.

என்னோட மூணாவது பிரதி இப்போ தருமபுரி வீட்டுல, அம்மாவோட பீரோல, பட்டுப்புடவைக்கு நடுவுல இருக்கு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புது டிரைவைக் கொடுத்துட்டு பழசை வாங்கிட்டு வருவேன். அம்மா சிரிப்பாங்க. "என்னடா, நகை மாதிரி கொண்டாந்து வைக்கற?"

மீதி கதை

அன்னைக்கு அழிஞ்சது தெரிஞ்சதும் நான் ஒரே ஒரு நல்ல காரியம் பண்ணேன். டிரைவ்ல வேற எதையும் எழுதாம கழட்டிட்டேன். அழிச்ச பைல் உடனே காணாமப் போகாது. அந்த இடம் காலினு குறிச்சு வைக்கும், அவ்ளோதான். மேல புதுசா எழுதினாத்தான் உண்மையா போகும். ஹார்டு டிஸ்க்ல இதுக்கு வாய்ப்பு இருக்கு. லேப்டாப்ல இருக்கற எஸ்எஸ்டில பெரும்பாலும் கிடையாது. அழிச்ச இடத்தை அதுவே துடைச்சிடும்.

போட்டோரெக்னு ஒரு இலவச மீட்பு சாப்ட்வேரை ராத்திரி முழுக்க ஓட்டினேன். பேர் எல்லாம் போயி, நம்பர் நம்பரா பைல் வந்துச்சு. ஒவ்வொண்ணா கேட்டுக் கேட்டு ஒன்பதைக் கண்டுபிடிச்சேன். நடவுப் பாட்டு இருக்கு. ஆடிப்பெருக்குக் கதை இருக்கு. தாத்தாகிட்ட பேசாம இருந்த கதை இல்ல. அந்த இடத்துலதான் ஆபீஸ் வீடியோ உக்காந்திருச்சு. நாலு மாசம் கழிச்சு அவங்க ஏன் மறுபடி பேசினாங்கனு பாட்டி சொன்னது எனக்கு இப்போ சரியா ஞாபகம் இல்ல. அத்தைகிட்ட கேட்டேன், அவங்களுக்கும் தெரியல.

இதைச் சொன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்போ ரெண்டு டிரைவா வாங்கணும்ங்கற"னார். ஆமாண்ணா. சாப்ட்வேர் எதுவா இருந்தாலும், ரெண்டு.

இந்த எபிசோட் முடிஞ்சதும் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. நீங்க இப்போ வச்சிருக்கற பேக்கப்லேர்ந்து ஒரு பைலைத் திறந்து பாருங்க. திறந்துச்சுனா நிம்மதியா தூங்குங்க. திறக்கலைனா, இன்னைக்கே தெரிஞ்சது நல்லதுதான்.

அடுத்த வாரம் பார்க்கலாம்.