எம்டனுக்கு ஒரு துணிப் புகைபோக்கி

"அம்மாடி! அவர் சரியான எம்டன்!" என்று யாரைப் பற்றியாவது நீங்கள் சொல்லாமலா இருந்திருப்பீர்கள்? கறாரான மானேஜராக இருக்கலாம். உங்கள் மாமனாராகவும் இருக்கலாம்!

அசல் எம்டன் ஒரு ஜெர்மானிய யுத்தக் கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு, அது சென்னையை நோக்கி 100-க்கு மேற்பட்ட குண்டுகளை வீசிற்று. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் கொழுந்து விட்டு எரிந்தன. குறைந்தது 5 பேர் மாண்டார்கள். மூட்டை முடிச்சுகளுடன் பட்டணத்தை விட்டே கிளம்பியவர்கள் ஏராளம்.

அப்பேர்ப்பட்ட கப்பல் இன்று ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது! ரெவெல் என்ற கம்பெனி 1/350 அளவில் அதைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டிருக்கிறது. 118 மீட்டர் நீளக் கப்பல், சுமார் 34 செண்டிமீட்டர்தான். ஒரு முழம்கூட இல்லை! இந்தக் கணக்கில் ஒரு மாலுமியின் உயரம் ஓர் அரிசி மணிதான்.

உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சில் செலுத்தி வார்த்த பாகங்கள், ஒரு சட்டத்தில் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். நறுக்கி, அரம் போட்டு, பசை தடவிச் சேர்த்து, வர்ணம் தீட்ட வேண்டியது நம் பொறுப்பு.

திருப்பூரை அடுத்த முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டைச் சகோதரிகளுக்கு இதில் பழகிய சங்கதி ஒன்று உண்டு. பாய்மரக் கம்பங்களுக்கு இடையே கயிறு கட்ட, பலர் லைக்ரா இழையைத்தான் உபயோகிக்கிறார்கள். கை பட்டாலும் அறாது, இழுபட்டுத் திரும்பிவிடும். பின்னலாடைக்கு 'இழுவை' கொடுக்கிறதே, அதே ஜாதி இழை!

துணிக்கும் எம்டனுக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. அந்தக் கப்பலுக்கு 3 புகைபோக்கிகள்தான். காப்டன் கார்ல் ஃபான் முல்லர் என்ன செய்தார் தெரியுமா? மரமும் கித்தானும் கொண்டு நாலாவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றை நிறுத்தினார். தூரத்தில் பார்ப்பவர்கள், 4 புகைபோக்கி உள்ள பிரிட்டிஷ் கப்பல் என்று ஏமாறட்டுமே! அந்த வேஷத்தில் 1914 அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்தில் புகுந்து, ஜெம்சூக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தார். நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பலிடம் எம்டனின் ஆட்டம் முடிந்தது.

ஆகவே, மாதிரி செய்கிறவர் எந்த நாளைய எம்டனைச் செய்கிறோம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். அப்புறம்தான் புகைபோக்கியை எண்ண வேண்டும். அதற்காகவாவது சரித்திரத்தைப் புரட்டியாக வேண்டும், அல்லவா?

உங்கள் பிள்ளை இப்படியொரு பெட்டி கேட்டால், "சண்டைக் கப்பல் எதற்கு?" என்று தட்டிக் கழிக்காதீர்கள். பசை நெடிக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள். பொடிப் பாகங்கள் கைக்குழந்தைக்கு எட்டாமல் இருக்கட்டும். கூடவே, சென்னையில் மாண்ட அந்த 5 பேரைப் பற்றியும் சொல்லுங்கள். பீரங்கியை ஒட்டுகிற விரல்களுக்கு, அதன் குண்டு எங்கே போய் விழுந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.