மூன்று நொடி சர்வர்

2011 ஜூலை 12. ரெட் ஹாட் நிறுவனத்தின் ஜேபாஸ் குழு தன் அப்ளிகேஷன் சர்வரின் ஏழாம் பதிப்பை வெளியிட்டது. 'லைட்னிங்' என்று அதற்குச் செல்லப்பெயர். ஓரளவு நல்ல மடிக்கணினியில் அதை இறக்கி, விரித்து, தொடக்க ஸ்கிரிப்டைத் தட்டினால் மூன்று நொடிக்குள் 'தொடங்கிவிட்டது' என்ற வரி திரையில் வந்து நின்றது. ஏதோ கோளாறு, பாதியில் நின்றுவிட்டது என்று நினைத்து மறுபடி தட்டிப் பார்த்தவர்கள் உண்டு.

பழைய பதிப்புகளோடு குடித்தனம் நடத்தியவர்களுக்குத்தான் அந்த மூன்று நொடியின் அருமை தெரியும். ஐந்தாம் பதிப்பு எழுந்து உட்கார அரை நிமிடமாவது ஆகும். நாலைந்து அப்ளிகேஷன்களை ஏற்றிவைத்த பழைய கணினி என்றால் நிமிடக்கணக்கு. கோடில் ஒரு வரியை மாற்றி ரீஸ்டார்ட் போட்டுவிட்டு டீக்குப் போய்வருவது அன்று ஜாவாக்காரர்களின் அன்றாட நடைமுறை.

அப்ளிகேஷன் சர்வர் என்றால் என்ன? கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடை, மின்சாரம், ஜெனரேட்டர், சமையல் பாத்திரம், வாசலில் ஆள் எல்லாம் மண்டபத்துக்காரர் பொறுப்பு. பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் வந்து கல்யாணத்தை நடத்தினால் போதும். வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, காப்பீட்டுக் கோரிக்கை போன்ற மென்பொருள்களை எழுதுகிறவர்கள் தங்கள் தொழில் விதிகளை மட்டும் ஜாவாவில் எழுதுவார்கள். தரவுத்தள இணைப்பு, பரிவர்த்தனை, பாதுகாப்பு, செய்தி வரிசை ஆகியவற்றை சர்வர் பார்த்துக்கொள்ளும். பழைய ஜேபாஸ், இரண்டு பேர் தாலி கட்டிக்கொள்ள வந்தாலும் ஆயிரம் பேருக்கு அடுப்பு மூட்டிவிட்டுத்தான் கதவையே திறக்கும்.

ஜேபாஸ் பிறந்து வளர்ந்த கதை இது. அதைத் தொடங்கிய மார்க் ஃபிளூரி பிரான்சின் எகோல் பாலிடெக்னிக்கில் படித்தவர், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1999-இல் அவர் இதைத் தொடங்கியபோது பெயர் ஈஜேபாஸ். ஈஜேபி (என்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ்) எங்கள் வணிகக்குறி என்று சன் மைக்ரோசிஸ்டம்ஸ் சொன்னதும் முதலெழுத்தை வெட்டிவிட்டார். அந்தக் காலத்தில் இந்தச் சந்தையை ஆண்டவை பிஇஏவின் வெப்லாஜிக்கும் ஐபிஎம்மின் வெப்ஸ்பியரும். ஒவ்வொரு சிபியுவுக்கும் ஆயிரக்கணக்கான டாலர் உரிமக் கட்டணம். கோடு இலவசம், உதவிக்குத்தான் காசு என்று ஃபிளூரி கடை விரித்தார். விற்பனைப் பேச்சிலும் அவர் யாருக்கும் சளைத்தவர் இல்லை. 2004-இல், இத்தகைய சர்வர்களுக்கான ஜாவா தரமான ஜே2ஈஈ (பின்னாளில் ஜாவா ஈஈ) 1.4-க்கான சான்றிதழ் கிடைத்தது. 2006 ஏப்ரலில் ரெட் ஹாட் குறைந்தது 35 கோடி டாலருக்கு நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே ஃபிளூரி விலகினார்.

பணம் வந்தது, பதிப்புதான் வரவில்லை. நான்காம் பதிப்பு 2004 செப்டம்பர், ஐந்தாம் பதிப்பு 2008 டிசம்பர். இடையில் நான்கு வருடம்! உள்ளே இருந்த அஸ்திவாரத்தைப் பெயர்த்துப் புதிய மைக்ரோகன்டெய்னரை வைக்கப் போய் வேலை இழுத்துக்கொண்டே போனது. வந்த பிறகும் வேகம் கூடவில்லை. 2010 டிசம்பர் கடைசியில் வந்த ஆறாம் பதிப்பு, என் கணக்கில், ஒரு இடைக்கால ஏற்பாடுதான். ஏனென்றால் ஜேசன் கிரீன் தலைமையில் ஏழாம் பதிப்புக்கான வேலை அதற்கு முன்பே வேறு தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஏழில் என்ன செய்தார்கள்? பெரும்பாலும், செய்துகொண்டிருந்ததை நிறுத்தினார்கள். டேவிட் லாயிட் எழுதிய புதிய சேவைக் கொள்கலன், சர்வரின் ஒவ்வொரு உறுப்பையும் ஒரு சேவையாகப் பார்த்தது. எது எதைச் சார்ந்திருக்கிறது என்று தெரிந்தால், ஒன்றையொன்று சாராதவற்றை ஒரே நேரத்தில் கிளப்பலாம்; கணினியில் நான்கு கோர் இருந்தால் நான்கும் வேலை பார்க்கும். யாரும் கேட்காத சேவையைக் கிளப்பவே வேண்டாம். பிறகு வந்த 7.1.1 பதிப்பில் தொடக்க வரி இப்படி இருக்கும்: 208 சேவைகளில் 133 தொடங்கின, 74 கேட்டால் எழும் அல்லது சும்மா இருக்கும். கூட்டிப் பார்த்தால் ஒன்று உதைக்கிறது. அந்த ஒன்றைத் தேடி இறங்கிய நண்பர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு மிச்சம் அனோடேஷன் தேடலில் வந்தது. ஜாவா ஈஈ 5-இலிருந்து, 'இது ஒரு வெப் சேவை', 'இது ஒரு ஈஜேபி' என்ற குறிப்புகளைக் கோடிலேயே எழுதிவிடலாம். எழுதுகிறவருக்குச் சுகம், ஏற்றுகிற சர்வருக்கோ எல்லா கிளாஸ்களையும் புரட்டிப் பார்த்தாக வேண்டிய கட்டாயம். புரட்டுவதற்காக ஒவ்வொரு கிளாஸையும் நினைவகத்தில் ஏற்றினால் நேரமும் போச்சு, இடமும் போச்சு. ஜேன்டெக்ஸ் என்ற சிறு நூலகம், கிளாஸ் கோப்பின் பைட்டுகளை மட்டும் படித்து ஓர் அட்டவணை போட்டுக்கொடுத்தது. இந்த ஏற்பாடு பின்னாளில் ரெட் ஹாட்டின் குவார்கஸ் என்ற ஜாவா கட்டமைப்பு வரைக்கும் பயணம் செய்தது.

மூன்றாவது, நூலகங்களைப் பிரித்து வைத்தது. பழைய ஜேபாஸில் அப்ளிகேஷன்களின் கிளாஸ்களும் சர்வரின் கிளாஸ்களும் பெரும்பாலும் ஒரே குவியலில் கிடந்தன. முதலில் ஏறியது யாருடைய லாக்ஃபோர்ஜே பதிப்போ, அதுதான் எல்லோருக்கும். ஏழில் ஒவ்வொரு நூலகமும் ஒரு மாட்யூல். கேட்டு வாங்கினால்தான் கண்ணுக்குத் தெரியும்.

முன்பு அமைப்புக் கோப்புகள் பல அடைவுகளில் சிதறிக் கிடக்கும். தரவுத்தள இணைப்புக்கு ஒன்று, லாகினுக்கு ஒன்று, செய்தி வரிசைக்கு வேறொன்று. எல்லாம் போய் 'ஸ்டாண்ட்அலோன்' என்ற ஒரே எக்ஸ்எம்எல் கோப்பு வந்தது. கட்டளை வரியில் மாற்றினாலும் சரி, வெப் கன்சோலில் மாற்றினாலும் சரி, மாற்றம் அதே கோப்பில் போய் உட்காரும். பல சர்வர்களை ஓரிடத்திலிருந்து ஆள 'டொமைன்' முறையும் உண்டு.

அப்ளிகேஷனை ஏற்றும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. டிப்ளாய்மென்ட்ஸ் அடைவில் அப்ளிகேஷனின் வார் கோப்பை வைத்து, அதே பெயரில் 'டூடிப்ளாய்' என்று முடியும் வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கினால், ஏற்று என்று அர்த்தம். ஏற்றும்போது அது 'இஸ்டிப்ளாயிங்' ஆகும். முடிந்தால் 'டிப்ளாய்ட்', சொதப்பினால் 'ஃபெயில்ட்'. அடைவைத் திறந்து பெயர்களைப் பார்த்தாலே நிலவரம் தெரிந்துவிடும்.

வெளியீட்டு நாளில் அவர்கள் இன்னொரு கணக்கும் போட்டார்கள். 2009 டிசம்பரில் வந்த ஜாவா ஈஈ 6 முதல்முறையாக 'வெப் ப்ரொஃபைல்' என்று ஒரு சிறு தொகுதியை அனுமதித்தது. ஏழாம் பதிப்பு அதற்கு மட்டும் சான்றிதழ் வாங்கிக்கொண்டு புறப்பட்டது. முழுத் தொகுதியும் சேரட்டும் என்று காத்திருந்தால் இன்னொரு நான்கு வருடக் கதையாகிவிடும் என்ற பயம் இருந்திருக்கும். அந்தப் பயம் நியாயமானதே. முழுச் சான்றிதழ் 2012 பிப்ரவரியில் வந்த 7.1-க்குத்தான். பதிப்பு எண்ணின் வாலிலும் ஒரு குசும்பு உண்டு. ஆல்ஃபா, பீட்டா, சிஆர், ஃபைனல் என்ற வால்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கினால் அதுவே வெளியீட்டு வரிசை. கணினி எழுத்தை வைத்து அடுக்கினாலும் பிசகாது.

இதெல்லாம் வெளியிட்டவர்களின் பக்கம். வாங்கிக்கொண்டவர்களின் பக்கம் திங்கட்கிழமை காலையில் தொடங்குகிறது. ஐந்தாம் பதிப்பில் வருடக்கணக்காக ஓடிய அப்ளிகேஷனைக் கொண்டுவந்து ஏழில் வைத்தால், முதலில் வருவது கிளாஸ் காணவில்லை என்ற பிழை. குவியலில் இருந்தபோது தானாகக் கிடைத்த நூலகம் இப்போது கதவுக்குப் பின்னால். மேனிஃபெஸ்ட் கோப்பில் ஒரு வரி எழுதி அதைக் கேட்டு வாங்கினால், அடுத்த கிளாஸ் காணவில்லை. அதையும் சரிசெய்தால் தரவுத்தள நூலகமான ஹைபர்நேட்டின் மூன்றுக்கும் நான்குக்கும் சண்டை. பெயரைச் சொல்லிச் சேவையைத் தேடும் ஜேஎன்டிஐயின் முகவரிக்காக எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்த 1099 என்ற போர்ட் எண் செல்லாது. தூரத்திலிருந்து ஈஜேபியை அழைக்க 4447, அழைக்கும் விதமும் வேறு. பழைய அமைப்புக் கோப்புகளில் ஒன்றைக்கூட அப்படியே எடுத்துவர முடியாது. சர்வர் மூன்று நொடியில் எழுந்துவிடும், அப்ளிகேஷன் மூன்று மாதமானாலும் எழாது.

பொறியியலாகப் பார்த்தால் குழு செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். அந்தக் குவியலை வைத்துக்கொண்டு அந்த வேகத்தை எட்டியிருக்க முடியாது. ஆனால் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குப் பாதை போடுவதும் வெளியீட்டு வேலையில் சேர்த்திதான். அந்தப் பாதையை அவர்கள் போதிய அளவு போடவில்லை. ஆகவே பல இடங்களில் நான்கும் ஐந்தும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. எல்லாப் பழியையும் இதன் தலையில் கட்டிவிட முடியாது. சிலருக்குச் சோம்பல், சிலருக்கு, வாங்கிய மென்பொருளுக்குள் ஜேபாஸ் ஒளிந்திருப்பதே தெரியாது.

நான்கிலும் ஐந்திலும் ஒரு பொல்லாத வழக்கம் இருந்தது. சர்வரையே ஆட்டிவைக்கும் ஜேஎம்எக்ஸ் கன்சோல், இலவசப் பதிப்புகளில் கடவுச்சொல் இல்லாமலே திறந்து கிடக்கும். ரெட் ஹாட் காசுக்கு விற்ற, பூட்டு போட்ட வணிகப் பதிப்பிலும் ஓட்டை: ஹெச்டிடிபியின் கெட், போஸ்ட் இரண்டு வினைகளுக்குத்தான் பூட்டு. 'ஹெட்' என்ற மூன்றாவது வினையில் வந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். 2010 ஏப்ரலிலேயே ரெட் ஹாட் இதற்குத் திருத்தம் வெளியிட்டது. ஆறு வருடம் கழித்து, 2016 தொடக்கத்தில், சாம்சாம் என்ற பணயத்தொகைக் கும்பல் ஜெக்ஸ்பாஸ் என்ற கருவியை வைத்து இப்படிக் கவனிப்பாரற்ற ஜேபாஸ் சர்வர்களைத் தேடித் தேடி நுழைந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் சிஸ்கோவின் டாலோஸ் ஆய்வுக் குழு இணையத்தை அலசியபோது ஆபத்தில் இருக்கக்கூடிய கணினிகள் சுமார் 32 லட்சம் என்று மதிப்பிட்டது. ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்த கொல்லைக் கதவுகள் 2,100-க்கு மேல், ஏறக்குறைய 1,600 ஐபி முகவரிகளில். பள்ளி நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மென்பொருளை ஓட்டிய சர்வர்களும் அதில் இருந்தன.

கன்சோல் திறந்து கிடக்கும் வழக்கத்தை 7.1-இலேயே மாற்றியிருந்தார்கள். ஆட்-யூசர் ஸ்கிரிப்டை ஓட்டிப் பயனரை உருவாக்காமல் கன்சோலுக்குள் போகவே முடியாது. வெளியீட்டு அறிவிப்புகளில் இப்படிப்பட்ட விஷயம் கடைசி வரிசையில்தான் உட்காரும். என்னைக் கேட்டால் மூன்று நொடியைவிட இதுவே பெரிய செய்தி.

அதற்குள் வேறொரு குழப்பம் முளைத்தது. ரெட் ஹாட் காசுக்கு விற்ற ஜேபாஸ் ஈஏபி, இலவசமாகக் கிடைத்த ஜேபாஸ் ஏஎஸ் என்று இரண்டு ஜேபாஸ்கள். 2012 மார்ச்சில் வந்த 7.1.1-க்குப் பிறகு ஏஎஸ் என்ற பெயரில் முறையாகத் தொகுத்த பதிப்பு பொதுமக்களுக்கு வரவில்லை. திருத்தங்கள் வணிகப் பதிப்பின் பக்கம் போயின. இலவசப் பதிப்பை நம்பி இறங்கியவர்கள் முணுமுணுத்ததில் தப்பில்லை. இரண்டும் வேறு என்பது தெளிவாகட்டும் என்று பயனர்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, 2013 ஏப்ரலில் இலவசப் பதிப்புக்கு வைல்ட்ஃபிளை என்று பெயர் சூட்டினார்கள். 2014 பிப்ரவரியில் வைல்ட்ஃபிளை 8 வந்தது. டாம்கேட்டின் கிளையாக இருந்த பழைய வெப் பகுதிக்குப் பதிலாக அண்டர்டோ என்ற புதிய வெப் சர்வர். வெளியே திறக்க வேண்டிய போர்ட்கள் இரண்டே இரண்டு: அப்ளிகேஷனுக்கு 8080, நிர்வாகத்துக்கு 9990. ஃபயர்வால் குழுவிடம் போர்ட் கேட்டு நடையாய் நடந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்லத் தேவையில்லை. 2018-இலிருந்து காலாண்டுக்கு ஒரு பதிப்பு என்று வழக்கமாகிவிட்டது.

இன்னொரு பெரிய உடைப்பு ஜாவா உலகம் முழுவதற்கும் சேர்ந்து வந்தது. சன்னை வாங்கிய ஆரக்கிள் ஜாவா ஈஈயை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. ஆனால் ஜாவா ஈஈ தொகுப்புகளின் பெயர் தொடங்கும் 'ஜாவாக்ஸ்' பெயர்வெளியில் இனிப் புதிதாக எதுவும் செய்யக் கூடாது என்ற நிலையில் பேச்சுவார்த்தை முறிந்தது. 2020 கடைசியில் வந்த ஜகார்த்தா ஈஈ 9, எல்லாத் தொகுப்புகளின் பெயரையும் 'ஜகார்த்தா' என்று மாற்றியது. உலகிலுள்ள ஜாவா ஈஈ அப்ளிகேஷன் ஒவ்வொன்றிலும் இம்போர்ட் வரிகள் மாற வேண்டும்.

இந்த முறை வைல்ட்ஃபிளை குழு அவசரப்படவில்லை. 2021 ஜனவரியில் வந்த 22-ஆம் பதிப்பிலிருந்து இரண்டு தொகுப்புகள்: பழைய பெயர்களோடு ஒன்று, 'ப்ரிவியூ' என்று புதிய பெயர்களோடு ஒன்று. ப்ரிவியூவில் பழைய அப்ளிகேஷனை ஏற்றினால், ஏற்றும்போதே சர்வர் பெயர்களை மாற்றிக்கொள்ளும். முதன்மைத் தொகுப்பு புதுப் பெயருக்கு மாறியது 2022 நவம்பரில் வந்த 27-இல்தான். கிட்டத்தட்ட இரண்டு வருடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். 27 வந்த பிறகும், மாற முடியாதவர்களுக்காக, 26.1 வரிசையில் மேலும் ஒரு திருத்தப் பதிப்பை வெளியிட்டார்கள்.